செயின்ல சத்தம்

அம்மிணி, சித்தெ இந்தப் புள்ளையப் பார்த்துக்குவீங்களா? அடுத்த ஸ்டேசன்ல வண்டி நின்னா நான் எறங்கி ஓடோணும். பயப்படாதீங்க, விட்டுட்டுப் போயிர மாட்டேன். கடைசிப் பெட்டிக்குப் பக்கத்துல சாமான் பெட்டி இருக்குதுல்ல, அதுல எங்க சைக்கிள் வருது. நிமுந்து நிக்குதா, மேல எவனாவது மூட்டையத் தூக்கிப் போட்டுட்டானான்னு ஒருக்கா எட்டிப் பார்த்துட்டு ஓடியாந்திருவேன். அதுக்குள்ள புள்ளை முழிச்சுதுன்னா, "தெய்வானை அக்கா சைக்கிளைப் பாக்கப் போயிருக்காங்க"ன்னு மட்டும் சொல்லீருங்க. அவளுக்குக் கண்ணு தெரியாது. மோனிஷான்னு பேரு, கோபிப் பக்கம். சேலத்துல நீங்க ஏறும்போதே தூங்கிட்டா. நல்லாத் தூங்கறா பாருங்க. எனக்கு வேலையக் குடுத்துட்டு அவ தூங்கறா.

இல்லைங்க, நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கறேன். நின்னே பழக்கம் எனக்கு. ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்தவ, ஷிப்டு முடியற வரைக்கும் உக்காந்ததே இல்லை. மத்த பொம்பளைங்க எல்லாம் காலு நோவுது, இடுப்பு நோவுதுன்னு மூலையில போயி ஒதுங்குவாங்க. நான் ஒருநாளும் போனதில்லை. களைப்புன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுங்க. அது ஒடம்பு வாகு.

கோயமுத்தூர்ல ஏறி ஈரோடு வரைக்கும் நல்லாத்தான் வந்தேன். ஈரோட்டுல இந்தப் புள்ளைய அவங்கம்மா கொண்டாந்து ஏத்தி விட்டாங்க. அதுக்கப்புறம் இவ ஒண்ணு சொன்னா பாருங்க, அதுல இருந்து ஒரு எடத்துல இருப்புக் கொள்ளலை. கதவுக்கும் சீட்டுக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். சொல்றேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

ரெட்டை சைக்கிள் பார்த்திருக்கீங்களா? ஒரே சைக்கிள்ல முன்ன பின்ன ரெண்டு சீட்டு, நாலு பெடல். முன்னாடி கண்ணு தெரிஞ்சவங்க உக்காரோணும். திருப்பறது, பிரேக்குப் புடிக்கறது, கியர் மாத்தறது எல்லாம் அவங்க. பைலட்டுன்னு பேரு. நான் பைலட்டுங்க, சிரிக்காதீங்க. பின்னாடி இருக்கறவங்க மிதிச்சாப் போதும். எடது பக்கம் ஒரு செயின், ரெண்டு பேரோட பெடலையும் சேர்த்துக் கோத்திருக்கும். முன்னாடி நான் மிதிச்சா பின்னாடி எங்க ஊட்டுக்காரரு காலும் சுத்தும். ஒருத்தரு நிறுத்தினா ரெண்டு பேரும் நிறுத்தோணும். ஊட்டுல சண்டை போட்டுட்டுப் பேசாமப் போற நாள்லகூட காலு மட்டும் ஒண்ணாத்தான் சுத்தும். என்ன கர்மம் பாருங்க. வலது பக்கம் இன்னொரு செயின். அதுதான் பின்சக்கரத்தை இழுக்கறது. ரெண்டு ஆளோட பலமும் அந்த ஒத்தைச் செயின்லதான் விழும். அதனால சீக்கிரம் தேஞ்சு போகும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? எங்க ஊட்டுக்காரரு சென்னியப்பன் இருக்காரே, அவருகிட்ட வாக்கப்பட்டா கல்லும் செயினைப் பத்திப் பேசும். கணபதியில மோட்டார்க் கம்பெனியில லேத்து ஓட்டினவரு. நல்ல வேலைக்காரரு. கண்ணு நரம்புல கோளாறு. மொதல்ல ராத்திரிப் பார்வை போச்சு. அப்புறம் ஓரத்துல இருக்கறது தெரியலைன்னாரு. அப்புறம் நடுவுல இருக்கறதும் போச்சு. வேலைய விட்டு வந்து ஊட்டுல உக்காந்தாரு. நாள் பூரா ரேடியோ. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. எனக்கு அதுதான் பயம். கத்தினாக்கூடப் பரவாயில்லைன்னு இருக்கும்.

அப்பத்தான் கண்ணு தெரியாதவங்களுக்குன்னு ஒரு சைக்கிள் சங்கத்துக்காரங்க வந்து, இந்த ரெட்டை சைக்கிளைக் குடுத்தாங்க. வாராவாரம் யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொன்னாங்க. மொத வாரம் ஒருத்தரு வந்தாரு. ரெண்டாவது வாரம் யாரும் வரலை. இவரு காலையிலயே பேன்ட்டைப் போட்டுட்டு வாசல்ல நின்னுட்டு இருக்காரு. எனக்குப் பொறுக்கலை. "நகருங்க, நான் ஓட்டறேன்"னுட்டேன். நான் ஓட்டினதெல்லாம் மில்லுக்குப் போற லேடீஸ் சைக்கிள். இது லாரி மாதிரி நீளம். வடவள்ளி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தடவை விழுந்தோம். மூணாவது தடவை விழுகலை. அன்னைக்கு அவரு சிரிச்சாரு பாருங்க... சரி அதை விடுங்க.

அப்படியே வருசக் கணக்கா ஓட்டறோம். தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, சிறுவாணி ரோடுன்னு போகாத எடமில்லை. ஆனா என் குறை என்னன்னா, அவருக்கு சைக்கிள்ல வர்றது முக்கியமில்லைங்க, செயின்தான் முக்கியம். போயிட்டு வந்த ஒடனே வண்டியத் திருப்பி நிறுத்தி, மண்ணெண்ணெய்த் துணியால ஒவ்வொரு கண்ணியாத் தொடைப்பாரு. காய விட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவாரு. அப்புறம் காஞ்ச துணியில மறுபடி தொடைப்பாரு. ஏன் விட்ட எண்ணெயத் தொடைக்கறீங்கன்னு கேட்டா, வெளிய இருக்கற எண்ணெய் மண்ணை இழுக்கும், மண்ணுதான் செயினைத் திங்கும், எண்ணெய் உள்ளுக்குள்ள இருந்தாப் போதும்பாரு. தேய்மானம் பாக்கறதும் கையிலதான். முன்னாடிப் பெரிய பல்சக்கரத்துல செயினைப் புடிச்சு முன்பக்கமா இழுப்பாரு. நகத்தைக் குடுத்துப் பார்ப்பாரு. நல்ல செயின்னா பல்லை விட்டு நகராது. தேஞ்சுதுன்னா தூக்கிட்டு வரும், அடியில பல்லு தட்டுப்படும். எனக்கு ஒரு நாளைக்காவது அத்தனை பதமாத் தலை துவட்டி விட்டிருப்பாரா அந்த மனுசன்? கேளுங்க.

அதுகூடப் பொறுத்துக்குவேன். ரோட்டுல பண்றதுதான் பொறுக்காது. நல்லா ஏத்தத்துல போயிட்டு இருப்போம். நான் பல்லைக் கடிச்சுட்டு மிதிச்சுட்டு இருப்பேன். இன்னும் கொஞ்சந்தான், உச்சிக்குப் போயிரலாம். அப்பப் பார்த்துப் பின்னாடி இருந்து, "தெய்வா, நிறுத்து. செயின்ல சத்தம்." எனக்கு ஒரு சத்தமும் கேக்காது. எறங்குவாரு, குந்தி உக்காந்து செயினைத் தடவித் தடவிப் பார்ப்பாரு. பெடலைப் பின்னால சுத்துவாரு. காது குடுத்துக் கேப்பாரு. நான் அந்தப் பக்கம் மரத்தடியில நின்னு தண்ணி குடிச்சு, மூஞ்சியத் தொடைச்சு, துப்பட்டாவ இழுத்துக் கட்டி, எல்லாம் பண்ணி முடிச்சப்புறம், "ம், சரியாப் போச்சு, ஏறு"ம்பாரு. என்னாச்சுன்னு கேட்டா, "ஒண்ணுமில்லை, ஒரு கண்ணி எறுகலா இருந்துச்சு"ம்பாரு. ஒவ்வொரு ஏத்தத்துலயும் இதே கதை. எறக்கத்துல ஒரு நாளும் அந்தச் செயின்ல சத்தம் வந்ததில்லைங்க. ஏத்தத்துல மட்டுந்தான் வரும். நான் நல்லா மிதிச்சுட்டு இருக்கறப்பத்தான் வரும்.

பக்கத்து ஊட்டு வெண்ணிலாகிட்டச் சொல்லி அழுதிருக்கேன். "அந்த மனுசனுக்கு நான் வேகமாப் போறது பொறுக்கலை, ஒரு பொம்பளை பின்னாடி உக்காந்து போறோமேன்னு இருக்கும்போல"ன்னு. ஆம்பளைங்கன்னா அப்படித்தானேங்க?

என்னங்க, வண்டி மெதுவாகுதா? இல்லை, பாலம். சரி.

போன வருசம் மழைக்கு முன்னாடி, செயின் போச்சுன்னாரு. கடைக்குத் தள்ளிட்டுப் போனோம். கடைக்காரரு பார்த்துட்டு, "செயின் நல்லா நீண்டு போச்சுங்க. பின்சக்கரத்துப் பல்லும் அதோட சேர்ந்து தேஞ்சிருக்குது. ரெண்டையும் மாத்தீருங்க"ன்னாரு. இவரும் தலைய ஆட்டறாரு. நான் விடுவனா? "செயின் போச்சுன்னா செயினை மாத்துங்க. பல்லு இரும்புதானே, அதுக்கென்ன கேடு? கண்ணு தெரியாதவருன்னா எதை வேணாலும் தலையில கட்டிருவீங்களா?"ன்னு கேட்டுட்டேன். இவரு, "தெய்வா, பழைய செயினும் பழைய பல்லும் ஒண்ணுக்கொண்ணு பழகியிருக்கும், புதுசு அதுல ஒக்காராது, குதிக்கும்"னு என்னமோ சொன்னாரு. நான் காதுலயே போட்டுக்கலை. செயினை மட்டும் மாட்டிட்டு வந்துட்டோம்.

ரெண்டு நாளு சமதரையில சும்மா பஞ்சு மாதிரி ஓடுச்சு. பார்த்தீங்களான்னு அவருகிட்டச் சொன்னேன். மூணாவது நாளு மருதமலை ரோட்டு ஏத்தம். எந்திரிச்சு நின்னு ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன். படக்குன்னு ஒரு சத்தம். பெடல் காத்துல போச்சு. செயின் பல்லு மேல ஏறிக் குதிச்சுருச்சு. நான் ஹேண்டில் மேல போயி விழுந்தேன், வண்டி சாஞ்சுது, அவரு வண்டியோட சேர்ந்து கெடக்கறாரு. எனக்கு வலது மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு. அவருக்கு மொழங்கை பூரா செராய்ப்பு. அந்த நெலமையிலயும் மனுசன் ரோட்டுல தவழ்ந்து வந்து என் காலைத் தடவி, கையத் தடவி, தலையத் தடவி, "தெய்வா, எங்க நோவுது, எங்க நோவுது"ன்னு கேக்கறாரு. பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிக்கறான்.

பாருங்க, மட்டமான செயினைக் குடுத்துட்டான் அந்தக் கடைக்காரன். நான் இன்னைக்கும் அந்தக் கடைப் பக்கம் திரும்பிப் பாக்கறதில்லை.

கையில மாவுக்கட்டு. மருந்து வாங்கோணும், சோறாக்கோணும், ஒரு கையில என்ன பண்ண முடியும்? அவருதான் காய் நறுக்கினாரு, அரிசி களைஞ்சாரு. என்னைய ஒரு வேலையும் செய்ய விடலை. எனக்கு ஊட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்து பைத்தியம் புடிக்குது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து தரை தேஞ்சுது. அந்த நேரம் பார்த்துத்தான் தருண் வந்தான்.

தருணுன்னு ஒரு பையன்ங்க. சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. சங்கத்துல இருந்து அனுப்பிச்சாங்க. நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது. தொடை ரெண்டும் தேக்கு மரம் மாதிரி. வந்த ஒடனே கடைக்குப் போயி பின்சக்கரத்துப் பல்லை மாத்திட்டு வந்துட்டான். வாராவாரம் இவரைக் கூட்டிட்டுப் போவான். போறப்ப இருக்கற மூஞ்சி வேற, வர்றப்ப இருக்கற மூஞ்சி வேற. "பூண்டி வரைக்கும் போனோம் தெய்வா, ஒரே மூச்சு"ம்பாரு. ஒரே மூச்சாம்! எங்கூடப் போனா எத்தனை எடத்துல நிறுத்துவாரு?

ஒரு நாளு காப்பி குடுக்கறப்ப தருண்கிட்டக் கேட்டேன். "ஏம்ப்பா, சாரு உன்னைய நடுவுல நிறுத்தச் சொல்ல மாட்டாரா? செயின்ல சத்தம்னு?" அவன் முழிக்கறான். "இல்லையே அக்கா. ஒரு நாளும் சொன்னதில்லையே. செயின் சுத்தமா இருக்குதே"ன்னான்.

பார்த்தீங்களா? அதே வண்டி, அதே செயின். அவங்கூடப் போனா சத்தம் வர்றதில்லை, எங்கூடப் போனா வருது. அப்ப என்ன அர்த்தம்? எம்மேல நம்பிக்கையில்லைன்னுதானே அர்த்தம்? அன்னைக்கு ராவுக்கு அவருகூடப் பேசலை. அவருக்கு ஏன்னும் தெரியலை. "கை நோவுதா"ன்னு ரெண்டு மூணு தடவை கேட்டாரு. ஆமான்னேன்.

அப்புறம் மாநில அளவுல தேர்வுன்னாங்க. கண்ணு தெரியாதவங்க ரெட்டை சைக்கிள் போட்டி. நல்லா ஓட்டறவங்களை ஐதராபாத்துல முகாமுக்கு அனுப்புவாங்களாம். தருண் பேரைக் குடுத்துட்டான், அவன் பேரும் இவரு பேரும். ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கலை. "உனக்குக் கை சரியாகலையே தெய்வா"ன்னாரு. கட்டு அவுத்து ரெண்டு மாசமாச்சு! மாவு பெசையறேன், தண்ணிக் கொடம் தூக்கறேன். "போயிட்டு வாங்க, நான் யாரு தடுக்கறதுக்கு"ன்னேன்.

அவினாசிக்கு அந்தப் பக்கம், இன்னும் தெறக்காத புது ரோடு. போயித் திரும்பி வரோணும், யாரு எவ்வளவு நேரத்துல வர்றாங்கன்னு பார்ப்பாங்க. நடுவுல ரயில் தண்டவாளத்துக்கு மேல ஒரு பெரிய பாலம். நானும் போயிருந்தேன். பந்தல்ல நாற்காலி போட்டிருந்தாங்க, நான் உக்காரலை. இவங்க ரெண்டு பேரும் போயிட்டுத் திரும்பி வர்றாங்க, நல்லாத்தான் வர்றாங்க. ஆனா மதுரையில இருந்தும் சென்னையில இருந்தும் வந்த பசங்க எல்லாம் இருவது வயசு. இவரு அம்பதைத் தொடப் போறாரு. எடம் கெடைக்கலை. தருணுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. இவரு சிரிச்சுட்டு நிக்கறாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க. தப்பா நெனைக்காதீங்க. புருசன் ஊரை விட்டுப் போகாம இருந்தா எந்தப் பொண்டாட்டிக்கும் சந்தோசந்தானே?

அப்பத்தான் அங்க ஒரே சத்தம். ஒரு அம்மா அழுதுட்டு நிக்கறாங்க. பக்கத்துல இந்தப் புள்ளை, மோனிஷா. ஹெல்மெட்டைப் போட்டுட்டு, கிளவுஸைப் போட்டுட்டு, மரம் மாதிரி நிக்கறா. இவளுக்கு ஓட்டறதா இருந்த பொண்ணு வரலையாம். காய்ச்சலாம். அந்தப் பொண்ணுதான் வண்டியும் கொண்டாரதா இருந்துச்சாம். அதிகாரி ஒருத்தரு வந்து, "பொம்பளை பைலட்டு யாராச்சும் இருந்தா ஓட்டலாம், இல்லைன்னா பேரை எடுத்தர்றேன்"னு மைக்குல சொல்றாரு. எல்லாரும் அக்கம்பக்கம் பாக்கறாங்க. நான் செருப்பைப் பார்த்துட்டு நிக்கறேன்.

எம் புருசன் சத்தமாச் சொல்றாரு, "எஞ் சம்சாரம் ஓட்டுவா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அத்தனை பேரும் என்னையத் திரும்பிப் பாக்கறாங்க. "உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? நான் சுடிதார் போட்டுட்டு வேடிக்கை பாக்க வந்தவ"ன்னு பல்லைக் கடிச்சுட்டுச் சொல்றேன். அவரு காதுலயே வாங்கலை. எங்க வண்டிக்குப் பக்கத்துல போயிக் குந்திட்டாரு, செயினைத் தடவறாரு. தருண் சீட்டை எறக்கறான். யாரோ ஹெல்மெட்டைக் கொண்டாந்து எந் தலையில மாட்டறாங்க. இந்தப் புள்ளை கைய நீட்டி எந் தோளைத் தொட்டுட்டு, "அக்கா, நான் நல்லா மிதிப்பேன்"னா. அவ்வளவுதான் சொன்னா. நான் ஏறிட்டேன். வேற என்ன பண்றது?

நல்லா மிதிக்கறா அம்மிணி இவ. சின்ன ஒடம்புதான். பின்னாடி ஒரு மோட்டாரை வெச்ச மாதிரி இருக்குது. போறப்ப பாலம் ஒண்ணுமே தெரியலை. வர்றப்ப எதிர்காத்து. பாலம் ஏறறோம், ஏறறோம், முடியவே மாட்டேங்குது. எனக்கு மூச்சு முட்டுது, தொடை ரெண்டும் கல்லாகிப் போச்சு. அந்த எடத்துல எனக்குப் பழக்கம், பின்னாடி இருந்து ஒரு கொரலு வரும். "தெய்வா, நிறுத்து, செயின்ல சத்தம்"னு. காது அதுக்குக் காத்துக் கெடக்குது. வரலை. இந்தப் புள்ளை பாட்டுக்கு மிதிச்சுட்டே இருக்கறா. என்ன புள்ளை இவ, செயினைப் பத்தி ஒரு அக்கறை இல்லாம இருக்கறாளேன்னு எனக்குக் கோவம் வருது. அந்தக் கோவத்துலயே மிதிச்சேன். உச்சிக்கு எப்படி வந்தேன்னு தெரியாது. எறக்கத்துல விட்டேன் பாருங்க, கண்ணுல தண்ணி, காத்துலதான், வேற ஒண்ணுமில்லை.

பொம்பளைப் புள்ளைங்கள்ல எங்களுக்கு எடம் கெடைச்சிருச்சு. இவளும் நானும். நாப்பத்தஞ்சு வயசுல ஐதராபாத்துக்கு!

நான் போக மாட்டேன்னுட்டேன். ஊட்டுல அவரை யாரு பார்த்துக்கறது? அடுப்புல கைய வெச்சுக்கிட்டா? ரோட்டைத் தாண்டப் போனா? "எந் தங்கச்சி வந்து இருப்பா, நீ போ"ங்கறாரு. நான் அழறேன், சண்டை போடறேன், அவரு அசைய மாட்டேங்கறாரு. எப்படா இவ போவான்னு இருந்திருக்குது மனுசனுக்கு. இந்தப் புள்ளையும் இவங்கம்மாவும் வந்து எங்க ஊட்டுலயே தங்கினாங்க, நாங்க ரெண்டு பேரும் ஓட்டிப் பழகினோம். வண்டியையும் கொண்டு போன்னுட்டாரு. செயினு, பல்லு எல்லாம் புதுசா மாத்தி, தொடைச்சு, எண்ணெய் விட்டுக் குடுத்தாரு. இந்தத் தடவை ரெண்டையும் மாத்தோணும்னு நாந்தான் கண்டிசனாச் சொல்லிட்டேன். அப்ப உங்களுக்கு வண்டின்னு கேட்டா, "நான் நடந்துக்கறேன்"ங்கறாரு. இப்ப அவரும் தருணும் வாராவாரம் நடந்துட்டு வருவாங்களாம்.

பழகறப்ப ஒரு நல்ல விசயம். இந்தப் புள்ளைக்குச் செயின் மேல அக்கறை வந்திருச்சு. ஏத்தத்துல போறப்ப, "அக்கா, நிறுத்துங்க, செயின்ல சத்தம்"பா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பரவாயில்லை, பொறுப்பு வந்திருச்சு, எங்க ஊட்டுக்காரருகிட்டக் கத்துக்கிட்டான்னு. நானும் எறங்கித் தண்ணியக் குடிச்சுட்டு ஏறுவேன்.

இன்னைக்கு ஈரோடு தாண்டினப்புறம் எங்கையப் புடிச்சுட்டுச் சொல்றா. "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அங்க போயி என்னால செயின்ல சத்தம்னு பொய் சொல்ல முடியாது. முகாம்ல கோச்சு திட்டுவாரு. உங்களுக்குக் களைப்பா இருந்தா நீங்களே சொல்லீருங்க."

"என்னடி ஒளர்றே?"ன்னேன்.

"சாருதான் சொல்லிக் குடுத்தாரு அக்கா. உங்க மிதி எளகுனா பெடல்லயே தெரியுமாம். எனக்கும் தெரியுது. காலுக்குப் பாரம் ஏறும். அப்ப களைப்பான்னு கேட்டா நீங்க இல்லைம்பீங்களாம், வீம்புக்கு மிதிச்சு முட்டியக் கெடுத்துக்குவீங்களாம். அதனால செயின்ல சத்தம்னு சொல்லிருன்னாரு. அவரு எப்பவும் அப்படித்தான் சொல்லுவாராம்."

சொல்லிட்டுப் புள்ளை பாட்டுக்குப் படுத்துத் தூங்கிருச்சு.

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க! இத்தனை வருசமா என்னைய ஏமாத்தியிருக்காரு அந்த மனுசன். ஒவ்வொரு ஏத்தத்துலயும். மண்ணுல குந்தி உக்காந்து, ஒண்ணுமில்லாத செயினைத் தடவிட்டு, நான் தண்ணி குடிச்சு முடிக்கற வரைக்கும்... நான் எப்பக் களைச்சேன்? மில்லுல கேட்டுப் பாருங்க, களைச்சேன்னு ஒருத்தி சொல்லீரட்டும். வெண்ணிலாகிட்ட வேற என்னென்னமோ சொல்லி வெச்சிருக்கேன், அவ ஊரு பூரா சொல்லியிருப்பா. போனைப் போட்டு நாலு கேள்வி கேக்கோணும்னு எடுக்கறேன், வெக்கறேன், எடுக்கறேன், வெக்கறேன். டவர் போகுது, வருது.

இந்தா, நிக்குது. ஜோலார்ப்பேட்டையா, காட்பாடியா? காட்பாடிதான். இங்க கொஞ்ச நேரம் நிக்கும். புள்ளையப் பார்த்துக்குங்க அம்மிணி, வந்தர்றேன்.

...

வந்துட்டேன். முழிச்சாளா? முழிக்கலையா, நல்லது. தண்ணி இருக்குதுங்களா, ஒரு வாய் குடுங்க.

இல்லைங்க, சாமான் பெட்டி வரைக்கும் போகலை. பாதி தூரம் போனேன். ஒரு தூணுகிட்ட நின்னு போனைப் போட்டுட்டேன். ஒடனே எடுத்துட்டாரு, கையிலயே வெச்சிருந்திருப்பாருபோல. "தெய்வா, எங்க வர்றீங்க, சாப்பிட்டீங்களா, புள்ளை நல்லா இருக்குதா"ங்கறாரு. நான் கேக்கோணும்னு வெச்சிருந்ததெல்லாம் வாய் வரைக்கும் வருது. ஏனுங்க இப்படிப் பண்ணினீங்க, நான் என்ன சின்னக் குழந்தையா, எங்கிட்ட நேராக் கேக்கறதுக்கென்னன்னு. பக்கத்துல கூலிக்காரங்க வண்டிய உருட்டிட்டுப் போறாங்க, ஒரே எரைச்சல். அவரு, "என்ன தெய்வா, பேச மாட்டேங்கறே? ஏதாச்சும் ஆயிருச்சா?"ங்கறாரு.

என் வாயில இருந்து என்ன வந்துச்சு தெரியுங்களா? "எனக்குக் களைப்பா இருக்குதுங்க"ன்னேன்.

கல்யாணம் ஆகி இருவது வருசத்துக்கு மேலாச்சு. அந்த வார்த்தைய அந்த மனுசன்கிட்ட நான் சொன்னதே இல்லை. எனக்கே எங்கொரலு மாதிரி இல்லை. லைன் போயிருச்சோன்னு பார்த்தேன், போகலை.

அப்புறம் மெதுவாச் சொல்றாரு, "எனக்குந்தான் தெய்வா."

அவ்வளவுதாங்க. அவரு மூச்சு விடறது எனக்குக் கேக்குது, நான் மூச்சு விடறது அவருக்குக் கேட்டிருக்கும். ரெண்டு பேரும் வைக்காம அப்படியே நின்னோம். வண்டி ஊதுச்சு. கைக்கு வந்த கதவுல ஏறி, உள்ளயே நடந்து வந்து சேர்ந்தேன்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அம்மிணி. எனக்கும் எடம் விடுங்க.